ஓட்டையை அடைத்தால் திறக்கும்

பிப்ரவரி 5, 1997, புதன்

இந்த டைரி ஞானதுரை அண்ணாச்சி கொடுத்தது. ஓர் உரக் கம்பெனி அவருக்குக் கொடுத்ததாம். அட்டையில் எருமை மாடு நிற்கிறது, அதனால் அவருக்கு வேண்டாம். எனக்கென்றால் எருமை போதும் என்று நினைத்திருக்கிறார். ஜனவரி முழுக்க வெற்றுப் பக்கம். போகட்டும், ஜனவரியில் எழுதுகிற மாதிரி என்ன கிழித்தோம்?

பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் ஏழு வருஷமாகத் தமிழ் அடிக்கிறேன். அடுத்தவர்கள் எழுதியதை அடித்து அடித்து, சொந்தமாக நாலு வரி எழுதக் கை கூசுகிறது.

இன்று அண்ணாச்சி பிளாப்பிகளுக்குக் காது குத்தினார். மலிவான பிளாப்பியில் ஒரு மூலையில் மட்டும்தான் ஓட்டை இருக்கும், அது பூட்டுத் துளை, அதன் தகட்டை நகர்த்திப் பூட்டினால் உள்ளே இருப்பதை யாரும் அழிக்க முடியாது. பெரிய பிளாப்பிக்கு மறு மூலையிலும் ஓர் ஓட்டை உண்டு. கம்ப்யூட்டர் அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் இது பெரியது, இரண்டு மடங்கு கொள்ளும் என்று நம்புகிறது. அண்ணாச்சி சும்மா இருப்பாரா? மலிவு பிளாப்பி பத்து வாங்கி, சால்டரிங் கம்பியைக் காய்ச்சி, மறு மூலையில் ஒவ்வொன்றாகச் சுட்டார். கடை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம்.

"மிசினு ஓட்டையத்தான பாக்கு? சரக்கையா பாக்கு?" என்றார்.

ஆறு தேறியது. நாலு செத்தது. அந்த நாலுக்கும் நான் அடித்ததுதான் காரணமாம்.

பிப்ரவரி 10, திங்கள்

நெல்லை ஜங்ஷனில் போய்ப் பார்சல் எடுத்து வந்தேன். சென்னைப் பதிப்பகத்துக்கு நாங்கள் அடித்துத் தருவது ஒரு மூலிகை அகராதி, ஐந்து பாகம். நான் இங்கே அடித்துப் பிளாப்பியில் போட்டு ஆம்னி பஸ் பார்சலில் அனுப்புவேன். அங்கே மேக் கம்ப்யூட்டரில் ஏகாம்பரம் என்பவர் பக்கம் அமைப்பார். பிழைகளைக் குறித்து, அதே பிளாப்பியிலேயே போட்டுத் திருப்பி அனுப்புவார். இரண்டு வருஷமாக இப்படி. ‘அ’வில் ஆரம்பித்து இப்போது ‘ந’வில் நிற்கிறோம். ஆளை நான் பார்த்தது இல்லை.

ஒரு வேடிக்கை. அவர் மேக், நம்முடைய பிளாப்பி எதைப் போட்டாலும் படித்துவிடும். மேக்கில் தயார் செய்த பிளாப்பியை நம்முடைய கம்ப்யூட்டர் ஜென்மத்துக்கும் படிக்காது. முன்பின் தெரியாத ஆளைப் போல முழிக்கும். நான் அனுப்பிய பிளாப்பியே திரும்பி வருவதால் இதுவரை அந்தத் தொல்லை இல்லை.

பிளாப்பியில் ‘குறிப்பு’ என்று ஒரு கோப்பு வைத்திருப்பார். ஆரம்பத்தில் ‘பக்கம் 46, அருகம்புல்லில் பிழை’ என்றுதான் இருக்கும். அப்புறம் ‘உங்கள் ஊரில் மழையா?’ என்று ஆனது. நான் பெய்கிறது என்று எழுதினேன். அவருடைய தமிழ் எழுத்தும் என்னுடைய தமிழ் எழுத்தும் மெஷினுக்கு மெஷின் ஒத்துப்போகாது, கிறுக்கலாகத் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். முதலில் படிக்கச் சிரிப்பாக இருந்தது. இப்போது ஒரு பார்வையில் படித்துவிடுகிறேன்.

காகிதத்தில் எழுத முடியாது. பார்சலைப் பிரிப்பது அண்ணாச்சி. காகிதம் என்றால் அவர் மூக்குக்கண்ணாடி தானாக ஏறிவிடும்.

காது குத்திய கதையைப் போன தடவை எழுதியிருந்தேன். இன்று பதில்: ‘உங்கள் அண்ணாச்சியின் வித்தை எங்கள் ஸ்டோர் ரூமில் செல்லாது. அங்கே ஒரு பழைய சின்ன மேக் துணி போர்த்திக் கிடக்கிறது. அதற்கு ஓட்டையைப் பார்க்கவே தெரியாது. எதைக் கொடுத்தாலும் சின்னப் பிளாப்பி என்றுதான் நினைத்துக்கொள்ளும். நான் சாப்பாட்டு வேளையில் அதில் சீட்டு விளையாடுவேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டு என்ன செய்வீர்கள்?’

நான் என்ன செய்வேன், டிபன் பாக்ஸைக் கழுவுவேன்.

குறிப்பை நகல் எடுத்து வைத்தேன். வேலை விஷயமாகப் பின்னால் தேவைப்படலாம். இதோடு நாற்பத்தோரு குறிப்பு ஆகிறது. எல்லாம் தனி பிளாப்பியில் இருக்கின்றன. மேலே ‘மின்வாரியப் படிவம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணாச்சி சத்தியமாகத் திறக்கமாட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மைனி, அண்ணன் சம்சாரம், காலையிலேயே இட்லிக்கு இரண்டு சட்னி வைத்தாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏ ஆவுடை, தூத்துக்குடியில இருந்து ஒரு எடம் வந்திருக்கு. ஹார்பர்ல வேலை. பேரு கொம்பையா. மொத சம்சாரம் தவறி மூணு வருசமாச்சு, பிள்ளை கெடையாது. ஒன் போட்டோவப் பாத்துட்டு சரின்னுட்டாவளாம்."

"எந்த போட்டோ?"

"ரேசன் கார்டுக்கு எடுத்தமே, அது."

"அதப் பாத்துமா சரின்னாவ?"

அண்ணன் சுடலை சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒனக்கு முப்பத்திநாலு. நான் நெருக்கலை. மனசுல வேற எதும் இருந்தா இப்பமே சொல்லிரு. வாக்குக் குடுத்த பொறவு அவங்க மொகத்துல நம்ம முழிக்க முடியாது."

"ஒண்ணுமில்ல. பத்து நாள் டயம் குடு, யோசிச்சுச் சொல்லுதேன்."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுத, அப்புறம் என்னத்த யோசிக்க?" என்றாள் மைனி. அவள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

‘ந’ மூன்றாம் பகுதி அடித்து முடித்தேன். நன்னாரி, நாயுருவி, நாவல். பிளாப்பியில் போட்டேன். குறிப்புக் கோப்பைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதினேன் என்பதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் எழுதவே இல்லை என்று எனக்கே சாதிக்கக்கூடாது அல்லவா.

‘எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இருபத்தாறாம் தேதி பதில் சொல்ல வேண்டும். உங்கள் மனதில் ஏதாவது இருந்தால் இந்தத் தடவை எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்றால் வருத்தம் இல்லை, பிழைத் திருத்தம் மட்டும் அனுப்புங்கள், நான் புரிந்துகொள்வேன். ஆவுடையம்மாள்.’

வருத்தம் இல்லை என்று எழுதியது பச்சைப் பொய். ஆனால் அதை அழித்தால் மீதி வரியும் நிற்காது போலிருந்தது.

"என்ன பிள்ள, ‘ந’ முடிஞ்சிட்டா?" என்று பின்னாலிருந்து அண்ணாச்சி கேட்டார். உயிரே போய்விட்டது.

பிப்ரவரி 19, புதன்

பார்சல் போட்டாயிற்று. இனி எடுக்க முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

பார்சல் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்போதும் வராது. அண்ணாச்சி பிரித்தார். உள்ளே இரண்டு பிளாப்பி. ஒன்று என்னுடையது. இன்னொன்று புத்தம் புதியது, சீட்டு ஒட்டாதது.

என்னுடையதைப் போட்டேன். பிழைத் திருத்தம் இருந்தது. குறிப்பு என்ற கோப்பே இல்லை. இரண்டு முறை பார்த்தேன், மூன்று முறை பார்த்தேன். நாயுருவியில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்ததாம். அதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது.

புதியதைப் போட்டேன். ‘இந்தப் பிளாப்பி பார்மட் செய்யப்படவில்லை, செய்யவா?’ என்று கேட்டது. வெற்றுப் பிளாப்பி. என் பிளாப்பி பழசாகிவிட்டது என்று இரக்கப்பட்டு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார் போல. வேண்டாம் என்று தட்டிவிட்டு மேசை டிராயரில் போட்டேன். பார்மட் செய்து வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. அவ்வளவுதான்.

பிழைத் திருத்தம் மட்டும் அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டார். சொன்னபடி செய்கிற மனுஷன். நல்ல குணம்தான்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். இரண்டு கண்ணிலுமா என்று கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போர்வை மூன்று, தலையணை உறை எட்டு துவைத்தேன். மிளகாய் வற்றல் காயப்போட்டேன். மைனி ஜங்ஷனுக்குப் போய்ச் சேலை எடுக்கலாம் வா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஜங்ஷன் என்றாலே பார்சல் ஆபீஸ் ஞாபகம் வருகிறது, இன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று இருந்தேன்.

சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வற்றலைக் காக்கை கிளறிவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

பார்சல் ஆபீஸில் இசக்கி அண்ணன் பேசாமல் ஒரு சீட்டைக்கூடக் கிழிக்கமாட்டார். இன்றும் ஒரு கதை வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரு ஆளும்மா. காலைல எட்டு மணிக்கு வந்து இந்தப் பெஞ்சில உக்காந்தாரு. பார்சல் போடவும் வரலை, எடுக்கவும் வரலை. யார் வேணும்னு கேட்டா, சும்மாதான்ங்காரு. எனக்கு ரெண்டு தடவ டீ வாங்கிக் குடுத்தாரு. உள்ள வார பொம்பளையள எல்லாம் நிமிந்து நிமிந்து பாக்காரு. சந்தேகமாத்தான் இருந்துச்சு, ஆனா கண்ணு கெட்ட கண்ணு இல்ல. அஞ்சு மணிக்கு எந்திச்சுப் போயிட்டாரு."

பஸ்ஸில் வர வேண்டிய யாரோ வரவில்லை போலும், பாவம் என்று சொல்லிவிட்டுப் பிளாப்பியை வாங்கிக்கொண்டேன். குறிப்பு இல்லை. நானும் இந்தத் தடவை குறிப்பு வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மைனியிடம் சரி என்று சொன்னேன். என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் தடவியது கஷ்டமாக இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

தூத்துக்குடிக்காரர்கள் வந்தார்கள். கொம்பையா கறுப்பாக, சாந்தமாக இருக்கிறார். முந்திரி மக்ரூன் வாங்கி வந்திருந்தார். எல்லோரும் எழுந்துபோன ஒரு நிமிஷத்தில், "ஒங்களுக்குச் சம்மதந்தானா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார்.

திட்டுகிற மாதிரி ஓர் ஆளாக இருந்திருக்கலாம். எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சம்மதந்தான்" என்றேன்.

வருகிற பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுகிறார்கள். மக்ரூன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மத்தியானம் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலைக்குப் பிளாப்பி இல்லை. காது குத்தியது எல்லாம் மண்டையைப் போட்டுவிட்டது. அண்ணாச்சி என்னைக் கேட்காமல் என் டிராயரைத் திறந்து, அந்தப் புதிய பிளாப்பியை எடுத்து, மெஷினில் போட்டு, பார்மட் கொடுத்துவிட்டார். நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி இது, பூட்டிருக்குங்கு, அழிக்க முடியாதுங்கு?"

"எது அண்ணாச்சி?"

"இந்தக் காலிப் பிளாப்பிதான்."

வெளியே எடுத்துவிட்டார். மூலையில் இருக்கிற பூட்டுத் தகட்டை நகத்தால் தள்ளப் போனார். அதைத் தள்ளிவிட்டால் பூட்டு திறந்துவிடும், திரும்பப் போட்டால் பார்மட் ஆகிவிடும். ஈரக் கையோடு ஓடி வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

"பேய் புடிச்சிட்டா ஒனக்கு?"

"காலிப் பிளாப்பிய யாராச்சும் பூட்டுவாங்களா அண்ணாச்சி?"

அவருக்குப் புரியவில்லை. கடையில் வாங்குகிற புதிய பிளாப்பி திறந்துதான் இருக்கும். உள்ளே ஒன்றை வைத்து, அது யார் கைபட்டும் அழிந்துவிடக்கூடாது என்று நினைக்கிறவர்தான் பூட்டுவார். இது காலி இல்லை. மேக்கில் எழுதியது. நம்முடைய கம்ப்யூட்டருக்கு மேக் தெரியாது, அதனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறது. நானும் நம்பியிருக்கிறேன். ஏழு வருஷம் இதே வேலையைச் செய்கிறவள், மடச்சி, ஒரு நிமிஷம் அந்த மூலையைத் திருப்பிப் பார்த்திருந்தால்!

பதினான்கு நாளாக டிராயரில் கிடந்திருக்கிறது. அதன் மேல் நான் தினமும் டிபன் பாக்ஸை வைத்திருக்கிறேன்.

வெற்றிலை மாற்ற இன்னும் எட்டு நாள். அதற்குள் ஒரு மேக் வேண்டும்.

மார்ச் 8, சனி

காய்ச்சல் என்று அண்ணாச்சிக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டுச் சிவகாசி பஸ் ஏறினேன். இந்த ஜில்லாவில் மேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர்களிடம் இருக்கிறது. ஓர் அச்சகத்துக்கு நாங்கள் ராசிபலன் அடித்துக் கொடுத்திருக்கிறோம். கோவில்பட்டி, சாத்தூர் என்று பஸ் நின்று நின்று போனது. பிளாப்பியைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன, நகையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அச்சகத்தில் மேக்கில் உட்கார்ந்திருந்தவர் கனகவேல் என்பவர், என் வயது இருக்கும். வேலை நெருக்கடியிலும் முகம் சுளிக்காமல் வாங்கிப் போட்டார். மெஷின் கொஞ்சம் கறகறத்தது. பிறகு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பிளாப்பியை வெளியே துப்பிவிட்டது.

"தப்பா பார்மட் ஆயிருக்காம்க்கா. புதுசா பார்மட் பண்ணவான்னு கேக்குது. இது போச்சு."

"மேக்லயும் தெறக்காதா?"

"மேக்ல போட்டதுன்னா தெறக்கணுமே. பிளாப்பி கெட்டுப்போச்சுக்கா, வேறொன்னுமில்ல."

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முருகன் காலண்டர் ஒன்று அச்சாகி வெளியே விழுந்துகொண்டே இருந்தது, முருகன், முருகன், முருகன். அந்தப் பிளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் பூட்டு. மறு மூலையில் ஓட்டை. கம்பெனி போட்ட சுத்தமான ஓட்டை.

அப்போதுதான் அண்ணாச்சி சுட்ட பிளாஸ்டிக் நாற்றம் ஞாபகம் வந்தது. மெஷின் ஓட்டையைத்தானே பார்க்கிறது. ஓட்டை இருந்தால் பெரியது என்று நினைக்கும், பெரிதாகத்தான் படிக்கப் பார்க்கும். ஆனால் இதை எழுதியது எந்த மேக்? பதிப்பகத்தின் பெரிய மேக்கா? அங்கே பின்னால் ஆள் நிற்பார்கள். இப்படி ஒரு கடிதத்தை அந்த மனுஷர் எங்கே உட்கார்ந்து எழுதுவார்? ஸ்டோர் ரூமில். துணி போர்த்திய பழைய பெட்டியில். ஓட்டையைப் பார்க்கவே தெரியாத பெட்டி. அது இதைச் சின்னப் பிளாப்பி என்று நினைத்து, சின்னதாகவே எழுதிவிட்டது.

"தம்பி, ஒட்டுறதுக்கு ஏதாச்சும் குடுங்க."

அச்சுப் பிலிம் ஒட்டுகிற சிவப்பு டேப் கொடுத்தார். ஒரு துண்டு கிழித்து அந்த ஓட்டையின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டி நகத்தால் தேய்த்தேன்.

"என்னக்கா செய்றீங்க?"

"இப்பப் போடுங்க."

போட்டார். கறகற என்றது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாப்பிப் படம் வந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. பெயர் ‘ஆவுடை’.

"அட!" என்றார் கனகவேல். என் முகத்தைப் பார்த்தார். "நான் போய் ஒரு டீ சாப்ட்டு வாரேன்க்கா" என்று எழுந்து போனார். அந்த மனுஷன் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்.

‘ஆவுடை அவர்களுக்கு. பெரிய மெஷினில் முதலாளி பின்னால் நிற்பதால் ஸ்டோர் ரூமில் அடிக்கிறேன். உங்கள் பிளாப்பியில் எழுதவில்லை. அதில் எப்போதும் வேர், பட்டை, இலை என்று கிடக்கும். இதற்கென்று புதிதாக ஒன்று வாங்கினேன், இதில் வேறு எதுவும் வேண்டாம். தவறி யாரும் அழித்துவிடாதபடி பூட்டியிருக்கிறேன்.

மனதில் ஏதாவது இருந்தால் என்று கேட்டீர்கள். இரண்டு வருஷமாக வேறு எதுவும் இல்லை. எனக்கு வயது முப்பத்தெட்டு. அயனாவரத்தில் ஒற்றை அறை. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அன்றைக்கு நீங்கள் எழுதிய ஐந்து வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

ஞாயிறு 23-ம் தேதி நெல்லைக்கு வருகிறேன். கடைக்கோ வீட்டுக்கோ வந்து உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில், நம் பிளாப்பிகள் வந்து இறங்குகிற இடத்தில், காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை இருப்பேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. நீங்கள் வந்தால் அப்படியே உங்கள் அண்ணனைப் பார்க்க வருகிறேன். வராவிட்டால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு குறிப்பு எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். ஏகாம்பரம்.’

ஒன்பது மணி நேரம். நான் அப்போது தலையணை உறை துவைத்துக்கொண்டிருந்தேன். மைனி மூன்று தடவை ஜங்ஷனுக்குக் கூப்பிட்டாள். மூன்று தடவை!

அந்த மெஷின் முன்னாலேயே அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், அச்சு மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வரும் வழியில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் இறங்கிச் சென்னை எண்ணைச் சுழற்றினேன். முதலாளி எடுத்தார். "யாரு? என்ன விஷயம்?" என்றார். என்ன விஷயம் என்று சொல்ல? வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். நாற்பத்தோரு குறிப்பு, கேள்வி, பிளாப்பி, பூட்டு, ஓட்டை, எல்லாம். மைனி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அண்ணனுக்குக் கோபம் வந்து முகம் சிவந்தது.

"அன்னைக்கே கேட்டனா இல்லியா? ஒண்ணுமில்லன்ன!"

"அன்னைக்கு எனக்கே உறுதியாத் தெரியாதுண்ணே."

"இப்ப என்னத்தத் தெரிஞ்சிட்டு? அந்தாளு வந்து உக்காந்து பாத்துட்டுப் போயி ரெண்டு வாரம் ஆச்சு. நீ வேண்டாம்னுட்டன்னு மனசத் தேத்தியிருப்பான். நீ போயி நிக்கும்போது அவனும் இல்லன்னுட்டான்னா?"

"இல்லன்னு சொன்னாலும் தூத்துக்குடி வேண்டாம். அந்த மனுசன் சம்மதமான்னு எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. நான் பொய் சொன்னேன். ரெண்டாவது தடவ பொய் சொல்ல என்னால முடியாது."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தான். "தூத்துக்குடிக்கு நானே நேர்ல போயிச் சொல்லுதேன். போன்ல சொல்லப்படாது. திட்டுனா வாங்கிக்கிடுதேன். நீ மெட்ராசுக்குப் போ."

மைனி சேலை எடுத்து வைத்தாள். அவள் ஜங்ஷனில் எனக்கென்று எடுத்தது. "அன்னைக்கு எங்கூட வந்திருந்தியன்னா…" என்று ஆரம்பித்தாள்.

"மைனி, ஒங்களக் கும்பிடுதேன், சொல்லாதீங்க."

மார்ச் 11, செவ்வாய்

எழும்பூரில் இறங்கி, விசாரித்து விசாரித்து ராயப்பேட்டையில் அந்தச் சிறு தெருவைக் கண்டுபிடித்து, பதிப்பகத்துக்குப் போனபோது மணி ஒன்பதரை. வாசலில் ஒரு பெஞ்சு. ஏகாம்பரம் பிலிம் எடுக்கப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார்கள். "யாரு வந்திருக்காங்கன்னு சொல்றது?" என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

உட்கார்ந்தேன். பத்து. பதினொன்று. உள்ளே வருகிற ஆண்களை எல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். சந்தேகமாகத்தான் தெரிந்திருப்பேன். பசித்தது, எழுந்து போக மனம் இல்லை, போகிற நேரத்தில் வந்துவிட்டால்? ஒருவேளை அவர் உள்ளேயே இருந்துகொண்டு, பார்க்க இஷ்டமில்லாமல் இல்லை என்று சொல்லச் சொன்னாரோ என்றுகூட நினைத்தேன். அப்படி என்றாலும் ஆறரை வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்பது மணி நேரக் கணக்கு.

மூன்று நாற்பதுக்கு ஒருவர் சுருட்டிய பிலிமோடு வந்தார். மெலிந்த ஆள், நெற்றியில் முடி குறைந்து, வேர்த்துப்போய். நீலக் கட்டம் இல்லை, வெள்ளைச் சட்டை. ஆனால் சட்டைப் பையில் நுனி தேய்ந்த சிவப்புப் பென்சில். நாயுருவியில் விட்டுப்போன காலைக் கண்டுபிடிக்கிற பென்சில்.

ரயிலில் வரும்போது என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் விட்டு, எழுந்து நின்று பிளாப்பியை நீட்டினேன்.

வாங்கினார். பூட்டைப் பார்த்தார், அவர் போட்ட பூட்டு. திருப்பினார். மறு மூலையில் சிவப்பு டேப். அப்படியே நின்றுவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. எந்தப் பெட்டியில் எழுதினோம், ஏன் திறக்கவில்லை, எதற்கு அந்த டேப், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்தது.

"ஐயோ" என்றார். "அந்தப் பழைய பெட்டி பார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. நான்தான் சரின்னு தட்டினேன். உங்க மெஷின்ல தெறக்காதுன்னு எனக்குத் தோணவேயில்லைங்க. எப்பவும் உங்க பிளாப்பிதானே."

"உங்க பிளாப்பின்னு ஒண்ணு வந்ததே இல்லையே."

"எப்ப படிச்சீங்க?"

"போன சனிக்கிழமை. சிவகாசியில."

அவர் கணக்குப் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"நான் வேணும்னு வராம இருக்கலைங்க" என்றேன். "அன்னைக்குத் தலையணை உறை துவைச்சிட்டிருந்தேன்."

அவர் சிரித்தார், கண்ணும் கலங்கியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில்?"

"வேண்டாம்னு சொல்லிட்டோம். எங்க அண்ணன் நேத்துப் போயிச் சொல்லி, திட்டு வாங்கிட்டு வந்தான்."

"நான் என்ன சொல்லுவேன்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

டேப்பின் ஓர் ஓரம் பயணத்தில் லேசாகக் கிளம்பியிருந்தது. அதைப் பிய்த்து எடுப்பார் என்று நினைத்தேன். கட்டை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து மறுபடியும் ஒட்டினார். பிறகு அதைச் சட்டைப் பையில் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"திரும்பிப் போக எந்த ரயில்?" என்று கேட்டார்.

இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றேன்.

"ரெண்டா எடுத்துடலாம்" என்றார்.